மீதியையும் சொல்லுங்க

18.1.2025, சனி

கடையில் பொங்கல் கூட்டம் ஓய்ந்தது. பிரித்துப் போட்ட பட்டுப்புடவைகளை மடித்து அடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. பாலமுருகன் சென்னையிலிருந்து வந்திருக்கிறான். நாளைக்குக் கலசப்பாக்கம் போகிறோம், பெண் பார்க்க. பார்க்க என்ன இருக்கிறது, அவனே பார்த்து வைத்துவிட்டான். கூட வேலை செய்கிற பெண், பெயர் உதயா. வேறு ஜாதி. இவர் ரொம்ப நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் இறங்கி வந்தார்.

சாப்பிடும்போது பையன் இன்னொன்று சொன்னான். பெண்ணின் அம்மா அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ், சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறார், செங்கொடிக்காரர்.

இவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "ஜாதிதான் வேறன்னு பாத்தேன். கட்சியுமா வேற?" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். "அம்மா, அங்க வந்து அரசியல் பேசாத. அப்பா டிவிகிட்டதான் கத்துவாரு. நீ ஆளுங்ககிட்ட கத்துவ."

நான் எங்கே கத்துகிறேன்? மனதில் பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

19.1.2025, ஞாயிறு

கத்திவிட்டேன்.

20.1.2025, திங்கள்

நேற்று எழுத மனசு வரவில்லை.

உதயா நல்ல பெண். அவள் அம்மா பெயர் அபிதகுசாம்பாள். திருவண்ணாமலைக் கோயில் அம்மன் பெயர்! செங்கொடி வீட்டில் இப்படி ஒரு பெயரா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். கேசரி வந்தது, காபி வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. போளூரில் பஸ் நெரிசலில் கார் மாட்டிக்கொண்டதைச் சொல்லப் போய், "எல்லாம் பொம்பளைங்களுக்கு விட்ட ஓசி பஸ், அதான் இந்தக் கூட்டம். உழைக்காம வர்றது உடம்புல ஒட்டாதுங்க" என்றேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு.

அந்தம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "உங்க கடைக்கு வேலைக்கு வர்ற பொம்பளைங்க எதுல வராங்க?"

அந்த பஸ்ஸில்தான். அது தெரிந்திருந்ததால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. வரி கட்டுறது யாரு, ஒரு கடை வச்சி நடத்திப் பாருங்க என்று நான். கைக்குழந்தையைத் தூக்கிகினு வெயில்ல நடந்தே தடுப்பூசிக்கு வந்தவங்கள நீங்க பாத்ததில்ல என்று அவர். பிள்ளைகள் இரண்டும் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தன. கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பி வந்தோம்.

இன்று கடையில் இருக்கும்போது அவரிடமிருந்து போன். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்து, எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன்.

"நேத்து நீங்க பேசிகினு இருந்தப்ப பாதிதாங்க என் காதுல விழுந்துச்சு. மனசுக்குள்ள பதில் ரெடி பண்ணிகினு இருந்தேன். அது தப்பு. மீதியையும் சொல்லுங்க."

இந்த வயசு வரைக்கும் யார் என்னிடம் மீதியைக் கேட்டார்கள்? பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்தேன். என் மாமனார் ஒற்றைத் தறியில் ஆரம்பித்ததைச் சொன்னேன். எந்தச் சலுகைக்கும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை என்று எங்களுக்கு இருக்கிற கர்வத்தைச் சொன்னேன். அத்தனையையும் 'முதலாளி' என்ற ஒற்றை வார்த்தையில் யாராவது துடைத்துப் போடும்போது வருகிற எரிச்சலையும் சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் சொன்னார்: "இப்ப புரியுது. ஒத்துக்கல. ஆனா புரியுது."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேனாம். கடையில் புடவை எடுத்துக் காட்டுகிற பரிமளா சொன்னாள்.

16.2.2025, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் போன் என்று ஆகிவிட்டது. என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிடுகிறேன்.

இன்று கோயில் பற்றி. உண்டியலில் போடுவது பக்தர்கள், அரசாங்கத்துக்கு அங்கே என்ன வேலை என்றேன். "யார உள்ள விடலாம், யார விடக்கூடாதுன்னு ஒரு காலத்துல பக்தருங்கதான் முடிவு பண்ணாங்க. எங்க தாத்தா வெளியவே நின்னு கும்பிட்டாரு" என்றார். அது தப்புதான் என்றேன். கொஞ்சம் கழித்து, "அப்ப விளக்குக்கு எண்ணெய் இல்லாம கெடக்கிற கோயில இப்ப யாரு பாக்கறாங்கக்கா?" என்று கேட்டேன். அதை யோசிக்கணும் என்றார். அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

நடுவில் ஒருமுறை, "உங்க ஆளுங்க எப்பவுமே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"என் ஆளுங்கள விடு திலகா. லைன்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

23.3.2025, ஞாயிறு

நிச்சயதார்த்தப் புடவை பார்க்க அக்கா கடைக்கு வந்தார். ஆவணியில் நிச்சயம். மாம்பழ மஞ்சள் புடவையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் பரிமளாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் பொண்ணு எப்ப உக்காரும்?"

"ஆள் இல்லாதப்ப உக்காரும்."

"கடைல வேலை செய்றவங்களுக்கு உக்கார எடம் தரணும்னு சட்டமே இருக்கு, தெரியுமா?"

"சட்டம் போட்டா வராதுக்கா. மனசு இருந்தா வரும்."

"மனசு வர்ற வரைக்கும் காலு தாங்கணுமே."

கோபம் வந்தது. பத்துப் பேர் வைத்திருக்கிற என்னையும், ஊருக்கு ஊர் ஷோரூம் வைத்திருக்கிறவனையும் ஒரே கயிற்றில் கட்டுகிறீர்கள். அவனுக்கு வக்கீல் இருக்கிறான், எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கொட்டித் தீர்த்தேன். அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டார். புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

26.3.2025, புதன்

கடைக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். சட்டத்துக்காக இல்லை, பரிமளாவின் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன், அதனால் என்று அக்காவிடம் போனில் கறாராகச் சொன்னேன்.

"காரணம் உன்னுதா இருக்கட்டும். ஸ்டூல் அவங்களுது." சிரிப்பு அடங்கவில்லை அவருக்கு.

வியாபாரிகள் சங்கத்தில் ஒருவர், "என்னம்மா, சம்பந்தி கட்சியில சேர்ந்துட்டியா?" என்றார். சேரவில்லை என்றேன்.

20.4.2025, ஞாயிறு

சிறிய கடைகளுக்குத் தனி விதி வேண்டும் என்று அக்கா அவர்கள் சங்கக் கூட்டத்தில் பேசினாராம். பெரிய ரகளையாம். "முதலாளி வீட்டுச் சம்பந்தம் பேச வைக்குது" என்றார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை.

8.6.2025, ஞாயிறு

பாலமுருகன் வந்தான். கல்யாணம் வேண்டாமாம். இரண்டு பேரும் கலந்து பேசித்தான் முடிவு பண்ணினார்களாம்.

என்னடா சண்டை என்று கேட்டேன்.

"சண்டையே இல்லம்மா. ஒரு நாள்கூட வந்ததில்ல. எதையாவது பேசி வம்பு வந்துடுமோன்னு ரெண்டு பேரும் பாத்துப் பாத்துப் பேசி, இப்ப பேசறதுக்கே ஒண்ணுமில்ல."

என் மேல்தான் தப்போ? அரசியல் பேசி நான்தான்... இல்லை என்கிறான். அழவும் இல்லை. முகம் லேசாக இருக்கிறது. எனக்குத்தான் அழுகை.

22.6.2025, ஞாயிறு

போன் வரவில்லை. நானும் போடவில்லை.

29.6.2025, ஞாயிறு

"இனிமே அவங்க நமக்கு யாரு?" என்கிறார் இவர். நியாயம்தான். சண்டை முற்றாமல் பார்த்துக்கொண்டதெல்லாம் பிள்ளைகளுக்காகத்தானே? அப்படியென்றால் பேப்பரைப் படிக்கும்போதெல்லாம் அக்கா இதற்கு என்ன சொல்லுவார் என்று எதற்கு மனசு ஓடுகிறது? பதிலையும் நானே சொல்லிப் பார்க்கிறேன். அவர் குரலில் அது இன்னும் பலமாக இருக்கும்.

6.7.2025, ஞாயிறு

நான்தான் போன் பண்ணினேன். என்ன பேசுவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோச்சு.

"அக்கா, சம்பந்தம்தான் இல்ல. அதுக்காக வாதமும் வேணாமா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"தினம் போனக் கையில வச்சிகினு உக்காந்திருந்தேன் திலகா. நீங்க பையனப் பெத்தவங்க, என்ன நெனச்சிகினு இருப்பீங்களோன்னு..."

பிறகு தனியார் பள்ளிக்கூடமா, அரசாங்கப் பள்ளிக்கூடமா என்று ஆரம்பித்து சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

2.11.2025, ஞாயிறு

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. கலசப்பாக்கத்தில் சங்கத்தார் விழா எடுத்தார்கள். இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். இவருக்கு முழங்கால் வலி என்பதால் கார் நான்தான் ஓட்டினேன். மண்டபம் முழுக்கச் சிவப்புக் கொடி. இவர் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். உதயா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாலமுருகன் எப்படி இருக்கிறான் என்று சங்கடமில்லாமல் விசாரித்தாள்.

திடீரென்று அக்கா மைக்கை வாங்கி, "ஆரணி பட்டுக்கடை திலகவதி வந்திருக்காங்க. என் சிநேகிதி. நான் பேசறது இவங்களுக்குப் புடிக்காது. ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன்.

"அக்கா சொல்றதுல பாதிக்கு மேல எனக்கு ஒப்புதல் இல்ல. இன்னிக்கும் இல்ல. ஆனா நான் கோவத்துல கொட்டறத எடுத்து, நீ சொல்ல வந்தது இதுதானேன்னு என்னைவிட அழகா திருப்பிச் சொல்றவங்க இவங்க ஒருத்தர்தான். அதுக்கப்புறம்தான் மறுப்பாங்க."

மண்டபம் சிரித்தது, கைதட்டியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்லும்போது, தறிக்காரர், கடைக்காரர் எல்லோருக்குமே பென்ஷன் வேண்டும் என்றார். அங்கேயும் கைதட்டல்.

வரும்போது காரில் இவர் பொருமிக்கொண்டே வந்தார். "எல்லாருக்கும் பென்ஷனா? யாரு கட்டுவாங்க? அந்தம்மா யோசிக்கவே இல்ல."

"என்கிட்ட சொல்லி என்னங்க? அவங்களயே கேளுங்க" என்று போனைக் கொடுத்தேன்.

முறைத்தார். வாங்கி அக்காவைக் கூப்பிட்டார். முதலில் குரலை உயர்த்தினார். அப்புறம், "ம்... ம்... இல்ல, நீங்க சொல்லி முடிங்க. நான் அப்புறம் சொல்றேன்" என்று காதில் போனை அழுத்திக்கொண்டார்.

போளூர் தாண்டிவிட்டது. இவர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினேன்.