இடப்பக்கம் கீழே

செப்டம்பர் 9, செவ்வாய்

ஓட்டை கிழியவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். இலக்குக் காகிதத்தில் துப்பாக்கி ரவை போன இடம், பைலுக்குத் துளை போடும் மெஷினால் வெட்டியதுபோல வட்டமாக, சுத்தமாக இருந்தது. தட்டைத் தலை ரவை அப்படித்தான் வெட்டும் என்றார் ஹம்சா அக்கா. பத்து மீட்டருக்கு அது போதும். தூரம் கூடினால் ஆடத் தொடங்கும், அப்போது உருண்டைத் தலை வேண்டுமாம்.

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நான் வேலை செய்யும் கடைக்கு மாவு வாங்க வருபவர் ஹம்சா அக்கா. கோயம்புத்தூர்க்காரர், நர்ஸ். நான் பேசாமல் மிச்சக்காசு கொடுப்பதைப் பல நாள் பார்த்துவிட்டு, "எங்க சுடுற கிளப்புக்கு ஒரு நாள் வாயேன். அங்க எல்லாரும் காதை அடைச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க, உனக்குச் சரியா இருக்கும்" என்றார். பகிடி என்று நினைத்தேன். உண்மையாகவே கூட்டிப் போனார்.

வீட்டில், கடை பூட்டப் பிந்தும் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காற்றுப் பிஸ்டலில் இரண்டு அளவு. பெரிய ரவைதான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். இல்லை. இருபத்தைந்து மீட்டரில் அது மெதுவாகப் போய்த் தாழ்ந்து விழுகிறது. சின்னதுதான் நேராகப் போகிறது.

பிஸ்டலின் நுனியில் உள்ள குறி தெளிவாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாக இருக்க வேண்டும். எனக்கு இது உடனே விளங்கியது. பள்ளிக்கூடத்தில் எதுவும் உடனே விளங்கியதில்லை. விளங்கினாலும் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதனால்தானே விட்டேன்.

செப்டம்பர் 23

பாதிக்கு மேல் கறுப்பு வட்டத்துக்குள். யாரிடம் சொல்வது?

அக்டோபர் 5, ஞாயிறு

கிளப்பின் விருந்தினர் நாள். லண்டனுக்கு வெளியே, திறந்த வெளி, ஐம்பது மீட்டர். வெடிமருந்தால் சுடும் கட்டைப் பிஸ்டல் இந்த நாட்டில் வைத்திருக்க முடியாது. அதனால் இவர்களுடையதில் குழாய் நீளம், பிடியிலிருந்து பின்னால் ஒரு கம்பி வால்போல நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்கச் சிரிப்பு வரும்.

ஹம்சா அக்காவின் பாயிண்ட் டூ டூ பிஸ்டலால் சுட்டேன். ஐம்பது மீட்டரிலும் எல்லாம் என் உள்ளங்கைக்குள் அடங்கின. பிறகு வேறொருவரின், அதைவிடப் பெரிய குண்டு போடும் மூன்று ஐம்பத்தேழு ரிவால்வர். அதன் சத்தம் காதில் இல்லை, நெஞ்சில் அடித்தது. குண்டுகள் எல்லாம் நடுவை விட்டு ஒரு மூலைக்குப் போயின.

அக்கா அதை வாங்கி, குண்டு போடும் அறைகளில் சிலதை வெறுமையாக விட்டு, எது என்று சொல்லாமல் திருப்பித் தந்தார். விசையை இழுத்தேன். 'டிக்' மட்டும்தான். ஆனால் குழாய் முன்பே குனிந்துவிட்டது.

"வெடிக்கவே இல்லையேடி, எதுக்குக் குனியறே?" என்று சிரித்தார். சத்தம் வரப் போகிறது என்று பயந்து விரல் முந்திக்கொள்கிறதாம். நிறையச் சுட்டவர்கள் காகிதத்தைப் பார்த்தே அதைச் சொல்லிவிடுவார்களாம்.

இரண்டு காகிதங்களையும் மடித்துக் கொண்டுவந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

உறுப்பினராகச் சேர விருப்பமா என்று கேட்டார்கள். எனக்குப் பதினேழு என்பதால் வீட்டுச் சம்மதம் வேண்டும். பெயர் போலீசுக்கும் போகும், எல்லாருக்கும் வழமைதான் என்றார்கள்.

தலையாட்டினேன். அப்பாவை நினைத்தேன். ஊரில் நடந்த போருக்குத் தப்பி அகதியாக வந்தவர், இங்கே குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கிறார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சொன்னேன். காகிதங்களை மேசையில் வைத்து, வெறும் பேப்பருக்குச் சுடுவதுதான் என்று காட்டினேன்.

அம்மாதான் முதலில். "விசரே உனக்கு? நீச்சல் பழகன், டான்ஸ் பழகன். பொம்பிளைப் பிள்ளைக்கு வேற விளையாட்டே இல்லையே?"

அப்பா காகிதங்களைப் பார்க்கவில்லை. "வந்த நாளிலையிருந்து கேட்டவனுக்கெல்லாம் நான் இயக்கத்தில இல்லை, துவக்குத் தொடேல்லை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். இப்ப என்ர பிள்ளை போலீசிட்டைப் பேர் குடுத்துப்போட்டுத் தொடப்போகுதோ?"

சட்டப்படி சரிதான் என்றேன்.

"அவங்களுக்குக் காரணம் தேவையில்லை, பிள்ளை. சந்தேகம் ஒண்டே போதும்."

அக்டோபர் 13

என் பெயர் போலீசுக்குப் போனால் அப்பாவின் விண்ணப்பத்துக்கு இடைஞ்சலா என்று ஹம்சா அக்காவிடம் கேட்டேன். பிரச்சினை வராது என்றுதான் நினைக்கிறாராம், ஆனால் சத்தியம் பண்ண முடியாதாம்.

ஏன் நான்? வகுப்பில கை உயர்த்தேலாமல் விட்டன். கடையில ஆக்களின்ர முகம் பாக்கேலாது. அங்க மட்டும்தான் என்ர கை நடுங்காமல் நிண்டது. அதையும் விடு எண்டால் — அப்பா செய்யாத ஒண்டுக்காக நான் ஏன் விட வேணும்?

ஜனவரியில் பதினெட்டு. பிறகு யாருடைய சம்மதமும் தேவையில்லை. கிளப்பில், ஜனவரி வரை என் பெயரை வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தா. தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன். அப்பா அந்த இரண்டு காகிதங்களையும் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.

கோபம் இல்லை. பெரிய ஓட்டைகள் இருந்த காகிதத்தில் விரல் வைத்தார்.

"எல்லாம் இடப்பக்கம் கீழ போயிருக்கு. சத்தம் வர முந்தியே விரலை வெடுக்கெண்டு இழுக்கிறாய்." மற்றதைப் பார்த்தார். "இது நல்லம். இதில பயப்பிடேல்லை."

நான் அவருக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. எந்தத் துவக்கு என்றுகூட.

அவருக்கும் அப்போதுதான் கேட்டிருக்க வேண்டும், தான் சொன்னது. கையை எடுத்தார். காகிதங்களை நான் மடித்த மடிப்பிலேயே மடித்துத் தந்தார். எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டார், தண்ணீர் இல்லாமல். நான் நிறுத்தினேன்.

"தேத்தண்ணி போடட்டோ அப்பா?"

"ஓம்."

வேறொன்றும் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் எனக்கும் ஒரு மறுமொழி சொல்ல வேண்டி வரும்.

அக்டோபர் 20

நித்திரை இல்லை. எத்தனை விசாரணை அறையில், எத்தனை பேருக்கு முன்னால் இருந்து 'இல்லை' என்று சொல்லியிருப்பார்?

அக்டோபர் 21, செவ்வாய்

கடையின் பின்னால் நின்று கிளப்புக்கு போன் எடுத்தேன். ஜனவரியிலும் வேண்டாம், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன், நன்றாகச் செய்தாயே என்றார் போனில் பேசிய பெண். துவக்கில் எனக்கு ஆர்வம் இல்லை என்றேன். குரல் நடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு காகிதங்களையும் சின்னச் சின்னதாகக் கிழித்து, மீன் செதிளோடு குப்பையில் போட்டேன்.