முடிச்சுப் போட்டவர்களில் ஒருவர்

மார்ச் 4

அன்புள்ள கம்பிக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் இதற்குள் போன் செய்து தும்மியாவது காட்டியிருப்பீர்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் 'சாப்பிட்டியா' முடிந்ததுமே கட்சிச் சண்டை வந்துவிடுகிறது. நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே! நான் முடிக்கும்வரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விடுதி அறை பரவாயில்லை. கூட இருப்பவள் சபையில் சுருக்கெழுத்துக்காரி. பகலெல்லாம் உறுப்பினர்கள் பேசுவதை எழுதுகிறவள், தூக்கத்தில் 'குறுக்கீடு, கூச்சல்' என்று முனகுகிறாள்.

வேலை பிடித்திருக்கிறது. இணையச் சட்டக் குழுவில் மசோதா எழுதும் மூன்று பேரில் நான்தான் இளையவள். நேற்று அலுவலகத்தில் ஒரே ரகளை. எங்கள் தலைவர் (கட்சித் தலைவர் இல்லை, குழுத் தலைவர், உடனே பொங்க வேண்டாம்) ஒரு பேட்டியில், 'இந்த நாட்டில் இணைய வலைக்கு முதல் முடிச்சுப் போட்டவர்களில் நானும் ஒருவன்' என்று சொன்னார். உங்கள் கட்சிப் பத்திரிகை அதை, 'முதல் முடிச்சுப் போட்டவன் நான்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டது. நடுவிலிருந்ததைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். இப்போது ஊரே, 'அப்படியா, அவரா கம்பி இழுத்தார்?' என்று கேலி செய்கிறது.

அவர் கம்பி இழுத்ததாக எங்கே சொன்னார்? பல்கலைக்கழகங்களை ஒன்றோடொன்று இணைக்கப் பணம் ஒதுக்கும் சட்டத்தை இளவயதில் அவர்தான் சபையில் கொண்டுவந்தார். பழைய நடவடிக்கைக் குறிப்புகளை எடுத்துப் படித்தேன். 'கம்ப்யூட்டருக்குக் கயிறு கட்டவா மக்கள் காசு?' என்று அவருடைய கட்சிக்காரர்களே சிரித்திருக்கிறார்கள். அவர் உட்காரவில்லை.

வாசல் குழாய் சொட்டுகிறதே, சரிசெய்தீர்களா?

அன்புடன்,
உங்கள் வக்கீலம்மா


மார்ச் 13

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

குழாய் சொட்டுகிறது. நீ இல்லாத வீட்டில் பேச்சுத்துணைக்கு அதுவாவது இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் தடவை, என்னைப் பற்றி எங்கேயாவது எழுதியிருக்கிறாயா என்று தேட. தலைவர் சொன்னார், தலைவர் கொண்டுவந்தார், தலைவர் உட்காரவில்லை. என் பங்குக்குக் கிடைத்தது தும்மலும் குழாயும்.

சரி, குறுக்கே பேச முடியாது என்றாய் அல்லவா? நேரே பேசுகிறேன். உன் தலைவர் போட்ட முடிச்சு, பல்கலைக்கழக மதிலுக்குள் போட்ட முடிச்சு. நாலு பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டார்கள். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது எங்கள் அமைச்சர். தனியார் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட கையெழுத்து யாருடையது? சலூன்காரர் இன்று போனில் படம் பார்த்துக்கொண்டே என் காதோரம் கத்திரி ஓட்டுகிறார் என்றால், அந்தப் பெருமையும் ஆபத்தும் எங்கள் அமைச்சரையே சேரும்.

அது கிடக்கட்டும். முன்பெல்லாம், 'ஒரு செய்தி இங்கேர்ந்து கிளம்பி எப்படிங்க போகுது?' என்று என்னைத்தான் கேட்பாய். சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவை சர்வராகவும் டம்ளர்களை ரூட்டராகவும் வைத்து நகர்த்திக் காட்டுவேன். சோறு ஆறிப்போகும். நீ விடமாட்டாய். இப்போது அங்கே டம்ளரை நகர்த்திக் காட்டுவது யார்?

இப்படிக்கு,
உன் கம்பிக்காரன்


ஏப்ரல் 2

அன்புள்ள பொறாமைக்காரருக்கு,

டம்ளரை நகர்த்துவது நான்தான்! போன வாரம் குழுவில் ஒருவருக்கும் புரியவில்லை. தண்ணீர் டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்து, நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். தலைவர் கேட்டார், "யாரும்மா உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?" "எங்க வீட்டுக்காரர்" என்றேன். "கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க" என்றார். போதுமா? இப்போதாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருங்கள்.

மசோதாவில் பதினான்காம் பிரிவை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்ல மாட்டேன். நிறைவேறியதும் உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

உங்கள் வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக ஒன்று சொல்கிறேன். உங்கள் காதோடு இருக்கட்டும். தலைவருக்குக் கை நடுங்குகிறது. நரம்பில் ஏதோ கோளாறு. கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டப் போனால் நாலு விழுகிறது. அதனால் அவருக்கு வரும் மெயிலையெல்லாம் நான் பிரிண்ட் எடுத்து வைக்கிறேன். அவர் படித்துவிட்டுச் சொல்லச் சொல்ல, பதிலை நான் தட்டுகிறேன். அலுவலகத்தில் எனக்கும் அவருடைய டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும். "மசோதா நிறைவேறட்டும்மா, அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இப்ப தெரிஞ்சா, நோயாளி எதுக்குச் சட்டம் போடறான்னு ஆரம்பிச்சிடுவாங்க" என்கிறார்.

இப்படிப்பட்ட மனிதர்மேல் பொறாமைப்படலாமா நீங்கள்? சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வக்கீலம்மா


ஏப்ரல் 19

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். மழை பெய்கிறது. உன் தலைவர் சபையின் படியிறங்குகிறார். நீ அவர் தலைக்குமேல் குடை பிடித்திருக்கிறாய். உன் வலது தோள் தொப்பலாக நனைந்திருக்கிறது.

கை நடுங்குகிறவர் தானே குடை பிடிக்க முடியாதுதான். புத்திக்குப் புரிகிறது. வயிறு கேட்க மாட்டேன் என்கிறது. நாம் மழையில் சேர்ந்து நடந்ததையெல்லாம் உட்கார்ந்து யோசித்தேன். குடையை எப்போதும் நான்தான் பிடித்திருக்கிறேன். நனைந்ததெல்லாம் என் தோள்தான். நீ ஒரு தடவைகூட அதைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

பொறாமைப்படலாமா என்று கேட்டிருந்தாய். எதிரே நிற்பவன் திடமான ஆளாயிருந்தால் சண்டை போட்டுப் பார்க்கலாம். நோயாளியோடு என்ன செய்வது? அவருக்கு உன் கைகள் தேவைப்படுகின்றன. எனக்கு எதுவுமே தேவைப்படாது என்று நீ முடிவுகட்டிவிட்டாய்.

சித்தப்பா மகன் வந்திருந்தான். எங்கள் கட்சிப் பத்திரிகையில் துணை ஆசிரியராக இருக்கிறானே, அவன்தான். படத்தை எடுத்து நீட்டி, "என்னண்ணா, அண்ணி நமக்கே குடை பிடிக்க மாட்டாங்க, அங்க பிடிக்கறாங்க" என்றான். சிரித்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனான்.

இப்படிக்கு,
கம்பிக்காரன்


மே 6

வணக்கம்.

உங்கள் தம்பியின் பத்திரிகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன். 'முதல் முடிச்சுப் போட்டவருக்கு மெயில் திறக்கத் தெரியாது!' அதற்குக் கீழே: 'உதவியாளர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால்தான் படிப்பார்.'

அன்று சபையில் என்ன நடந்தது என்பது பத்திரிகையில் வரவில்லை. மசோதாவைப் பற்றித் தலைவர் பேச எழுந்தார். எதிர்வரிசையில் ஒருவர் கத்தைக் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "ஐயா, இன்னைக்கு வந்த இணையத்தைப் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன், வாங்கிக்கறீங்களா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. ஆளும் வரிசையிலும் சிரித்தார்கள். தலைவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லார் வாயும் அடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. "எனக்கு டைப் அடிக்க வராதுங்க. சட்டம் டைப் அடிக்கறவங்களுக்கு மட்டும் இல்லையே" என்றார். சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. 'குறுக்கீடு, கூச்சல்' என்று என் அறைத்தோழி எழுதிக்கொண்டாள்.

மறுநாளே அவருடைய கட்சி பயந்துவிட்டது. சர்ச்சைக்குரியதை எடுத்துவிட்டு மற்றதை நிறைவேற்றுவோம் என்று பேரம் பேசி, பதினான்காம் பிரிவை எடுத்துவிட்டார்கள்.

அதில் என்ன இருந்தது என்று இப்போது சொல்கிறேன். போன ஆட்சியில், கலவரம் நடந்த வாரம், உங்கள் அமைச்சரின் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு போன் வந்ததே. 'ஊர் முழுக்க இணையத்தை அணை' என்றார்கள். நீங்கள் உத்தரவைக் காகிதத்தில் கேட்டீர்கள். 'பின்னால வரும்' என்றார்கள். அணைத்தீர்கள். காகிதம் வரவே இல்லை. நீங்கள் வீட்டுக்கு வந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எவனோ போன்ல சொன்னா நான் ஏன் அணைக்கணும்? எழுதிக் குடுக்கட்டும். ஒரு ஜட்ஜ் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்" என்றீர்கள். அந்த வாரம் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதைத்தான் நான் சட்ட மொழியில் எழுதினேன். என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டீர்கள் அல்லவா? நான் ஒரு மாதமாக உங்களைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று பத்திரிகைக்காரர்கள் பாதி வாக்கியத்தை வெட்டினார்கள். நீங்கள் பாதி உண்மையை வெட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். 'நடுக்கத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லையே' என்று உங்களை நீங்களே மெச்சிக்கொண்டிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். நடுக்கத்தையும் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

விஷயம் வெளியே போனது என் வீட்டு வழியாகத்தான் என்று நானே தலைவரிடம் சொன்னேன். "பொண்டாட்டி புருஷன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டம்மா சொல்லுவா? அதுல தப்பில்ல" என்றார். ராஜினாமாவை நீட்டினேன். "இதுல நான் கையெழுத்துப் போடணுமே, இந்தக் கையால எங்க போடறது?" என்று சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

போன் செய்ய வேண்டாம். லீவுக்கு நான் வரவில்லை.


ஜூலை 9

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் போன் செய்து பார்த்தேன். பிறகு, 'வாய் தவறி வந்துவிட்டது' என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். வாய் தவறவில்லை. தம்பி அந்தப் படத்தை நீட்டியபோது, உன் தலைவர் ஒரு நாளாவது சிறுத்துப் போகட்டும் என்று நினைத்தேன். நினைத்துத்தான் சொன்னேன்.

நீக்கிய பிரிவைப் பற்றிக் குழு மறுபடி சாட்சிகளை அழைக்கிறது என்று படித்ததும் விண்ணப்பம் போட்டேன். தம்பி ஓடி வந்தான். "அண்ணா, நம்ம ஆளுங்களுக்கு எதிராவா?" என்றான். "நம்ம ஆளுங்கதானே போன் பண்ணாங்க" என்றேன். டீ குடிக்காமல் போய்விட்டான்.

மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் என் நாற்காலியிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "சாட்சியின் தொழில்?" என்று கேட்டாய். 'கம்பிக்காரன்' என்று வாய்வரை வந்தது. "நெட்வொர்க் இன்ஜினியர்" என்றேன். நீ எழுதிக்கொண்டாய். நிமிரவில்லை.

எங்கள் கட்சி உறுப்பினர் என்னை மடக்கினாரே, "அணைச்சது நீங்கதானே? அமைச்சரா வந்து அணைச்சார்?" என்று. வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "நான்தாங்க அணைச்சேன். இணையத்தைக் கொண்டுவந்தது யாருன்னு கேட்டா, நான் நீன்னு ரெண்டு கட்சியும் அடிச்சுக்கறீங்க. அணைச்சது யாருன்னு கேட்டா மட்டும் எல்லாருமா சேர்ந்து என்னைக் கை காட்டறீங்க. அதுக்குத்தான் ஒரு காகிதம் கேக்கறேன்" என்றேன். அப்போதுதான் நீ நிமிர்ந்தாய்.

இதையும் மறைக்கப் போவதில்லை. நடுவில் உன் தலைவருக்கு இருமல் வந்தது. அவர் கேட்காமலே நீ டம்ளரைப் பாதி காலி செய்து, அவர் இரண்டு கையாலும் பிடிக்க வசதியாக அருகே நகர்த்தி வைத்தாய். அவ்வளவு சாட்சி சொல்லி முடித்த பிறகும் எனக்கு அந்த நிமிஷத்தில் வயிறு எரிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் அவரே என்னிடம் வந்தார். "நல்லாச் சொன்னீங்க" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதிலும் என்னை ஜெயித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வா. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

உன்,
கம்பிக்காரன்


ஜூலை 24

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சாட்சிக்கு வந்தபோது இளைத்திருந்தீர்கள்.

பதினான்காம் பிரிவு திரும்ப வந்துவிட்டது, முழுதாக இல்லை. நீதிபதி கையெழுத்து வேண்டும் என்பதற்கு இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் ஆணை தர வேண்டும், கொடுத்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நின்றது. இனிமேல் உங்களுக்குக் காகிதம் வரும். இது எங்களால்தான் வந்தது என்று இரண்டு கட்சிகளும் தனித்தனியாக அறிக்கை விட்டிருக்கின்றன. உங்களைப் பற்றி இரண்டிலும் ஒரு வரி இல்லை. சாட்சியத்தைச் சுத்தப் பிரதி எடுத்தது நான்தான். ஒரு சொல்லும் விடாமல் எடுத்தேன். எடுக்கும்போது பெருமையாகத்தான் இருந்தது.

வாக்கெடுப்பு முடிந்ததும் தலைவர் தன் உடல்நிலையைச் சபையில் சொல்லிவிட்டுப் பதவியிலிருந்து விலகிவிட்டார். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். 'அவர்தான் போய்விட்டாரே, இனி வந்துவிடு' என்று எழுதுவீர்கள். நான் இங்கே இருப்பது அவருக்காக என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்; உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் தோள் நனைந்ததை நான் பார்க்கவில்லை என்பது உண்மைதான். அதை அந்த மழையிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம். வேறொருவர் பேரைக் கெடுத்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

கோபமெல்லாம் போய்விட்டது. அது போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும்தான் நினைத்தேன்.

நேற்று விடுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. சின்ன விஷயம்தான். நானும் அறைத்தோழியும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிக்குமுன்பே, இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு, இதைச் சொன்னால் யாருக்காவது ஏதாவது ஆகுமா என்று யோசித்தேன். ஒன்றும் ஆகாது. யாரைப் பற்றியும் இல்லாத வேடிக்கை அது. ஆனாலும் யோசித்தேன். யோசித்த பிறகு எழுத வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நான்