போடவான்னு கேக்காத மோட்டார்

எழில்மொழிக்கு,

செல்லதுரை எழுதுறேன். நான் நல்லாத்தான் இருக்கேன். நீயும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? அம்மா சுகர் மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?

இங்க தோஹாவுல ஒரு கூத்து நடந்துச்சு. முதலாளி வீட்டு நீச்சல்குளத்து மோட்டாரை போன்லேயே ஓட்டுற மாதிரி மாட்டிக் கொடுத்தோம். நம்ம நீடாமங்கலம் பக்கத்து ஆள் ஒருத்தன் மோட்டார் விசிறி மூடியைக் கழட்டி மணலைத் துடைச்சிக்கிட்டிருந்தான். நம்ம வயல்ல மோட்டார் போடப்போறவன் 'போடவா'ன்னு கத்தி, பதில் வந்தப்புறம்தானே சுவிட்சைத் தொடுவான்? அந்த நெனப்புல இவன் மெயினை இறக்காமலே கையை விட்டுட்டான். லண்டன்ல இருந்த முதலாளி, விருந்தாளிங்களுக்குக் காட்டணும்னு போனைத் தட்டிட்டாரு. போன் கத்துமா? மூணு விரல் போச்சு. இவன் துடிச்சுக் குதிச்சதைக் கேமராவுல பார்த்துட்டு, மோட்டார் ஓடின சந்தோஷத்துல ஆடுறான்னு அங்க எல்லாரும் கைதட்டினாங்களாம். நல்லாத் தட்டட்டும், அவங்களுக்குப் பத்து விரலும் இருக்கு.

அதை விடு. ஊறுகாய் அனுப்பினா திருகு மூடி பாட்டில் வேண்டாம், கவர்ல கட்டி அனுப்பு. சட்டையும் வேண்டாம், பட்டன் இல்லாத பனியன் போதும். கொஞ்ச நாளைக்கு வீடியோ கால் போடாதே, போன்ல கேமரா கெட்டுப்போச்சு. எழுத்து கோணலா இருக்குன்னு இதை அம்மாகிட்ட காட்டிக்கிட்டு இருக்காதே.

உன் தம்பி செழியன் வயல் மோட்டாருக்கும் போன் சுவிட்ச் மாட்டுறேன்னானே, நீ மோட்டார் கொட்டகையில நிக்கும்போது கேக்காம அழுத்தினான்னா வந்து கொன்னுடுவேன்னு சொல்லு.

வண்டி வந்துருச்சு. அந்த ஆளுக்கு இன்னைக்குக் கட்டு மாத்தணும். நான் போகாம நடக்காது.

செல்லதுரை