போறணையில் வெந்த துவக்கு

செவ்வாய், பௌர்ணமிப் போயா இரவு

அண்ணன் இறந்துவிட்டதால் அவருடைய லைசன்ஸ் துவக்கை அண்ணி நாளைக்குப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும். காட்டுப்பன்றி விரட்டித் துருவேறிய துவக்கு. அதைப் பார்த்து அங்கே யாரும் இளிக்கக் கூடாதென்று நான்தான் வாங்கி வந்தேன். பெரிய வேலைக்காரன் மாதிரி துப்பாக்கிக் குழாயைக் கழற்றி, பளபளவென்று உரசி, சூட்டில் இறுகும் கறுப்புப் பூச்சு அடித்து, நம் பேக்கரியின் போறணை அடுப்புக்குள் வைத்தேன். போயா லீவென்று இன்று பாண் போடவில்லை. ஆனாலும் பூச்சு வேகிற நாற்றம் பஜாருக்கே போய்ச் சேர்ந்தது.

பக்கத்துக் கடைக்கார நானா எட்டிப் பார்த்தார். "ஊரெல்லாம் துவக்கால சுடுறாங்க. நீங்க துவக்கையே சுடுறீங்களே, முதலாளி!"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

பொழுது சாய அண்ணி வந்தார். துவக்கை மடியில் வைத்துத் தடவினார். கை குழாயின் நடுவில் நின்றுவிட்டது.

"தம்பி, இங்கதானே வெள்ளையா தேஞ்சிருக்கும்? அவரு புடிச்சுத் தூக்கிட்டுப் போற எடம்."

அசிங்கமாக இருக்கிறதென்று அந்த இடத்தைத்தான் முதலில் உரசினேன்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றார். "யாரு வீட்டுத் துவக்கோ மாதிரி இருக்கு."

அண்ணி நகத்தால் மெதுவாகச் சுரண்டிப் பார்த்தார்.

"இது போகுமா, தம்பி?"

"போகாதுங்க அண்ணி. மண்ணெண்ணெய் ஊத்தித் தேச்சாலும் போகாது."

பகலெல்லாம் வந்தவன் போனவனிடம் இதையேதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.