நீ அனுப்பிய சயாம் படம்

கோலசிலாங்கூர்
5.8.1984

அன்பு மகன் தேவதாஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் திலகமும் அவள் புருஷனும் பிள்ளைகளும் முனியாண்டி காவலில் நன்றாக இருக்கிறோம். அதுபோல நீயும் மருமகள் சந்திரிகாவும் பேரன் உமாபதியும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த படமும் போன மாதமே வந்துவிட்டன. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். நீ கேட்டது ஒரே வார்த்தைப் பதில்தான், ஆமாம் அல்லது இல்லை. அந்த ஒரு வார்த்தையை எழுத உன் அம்மாவுக்கு இத்தனை நாள் பிடித்தது.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி பெற்ற பிள்ளை என்றாலும் திலகம் என்னைப் பெற்றவளைப் போலத்தான் பார்த்துக்கொள்கிறாள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம், அது அவள் அம்மாவிடமிருந்து வந்தது. அவள் புருஷன் இன்னும் தோட்டத்து லோரிதான் ஓட்டுகிறார். தோட்டத்தில் பாதி ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள், நீ சைக்கிள் பழகி விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்ட மேட்டுப்பாதை இப்போது அடையாளமே தெரியவில்லை. நான் பிள்ளை பார்த்த ஆயாக்கொட்டகையில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு அங்கே மூக்குச் சிந்திவிட்டிருப்பேன், இப்போது அந்தப் பக்கம் போனால் உர நாற்றத்தில் நான் மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலம் வாசனையாக இருக்கிறது, வேறு ஒன்றும் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்ததும் வெறும் வயிற்றில் காப்பி குடித்துவிட்டுப் படுக்காதே, சந்திரிகாவைக் கஞ்சியாவது வைத்துத் தரச் சொல்.

இனி படத்துக்கு வருகிறேன். ஜப்பான்காரன் நம் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்டானே, அந்தச் சயாம் ரயில் பாதையைப் பற்றி யார் பேசினாலும் அங்கே இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள், புத்தக அட்டையிலும் இதுதான், காட்சிசாலைச் சுவரிலும் இதுதான் என்று எழுதியிருந்தாய். உன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் தன் அப்பா அங்கே கைதியாக இருந்தவர் என்று சொல்லி ஒரு புத்தகத்தைக் காட்டினாராம், அதில் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும், திருப்பித் தருவதாகச் சொல்லி அதை மட்டும் கழற்றி வாங்கினாயாம். நான் பிறப்பதற்கு முன்பே போனவர், ஒரு போட்டோகூட இல்லாதவர், நீதான் சொல்ல வேண்டும் அம்மா, இது அப்பாவா என்று கேட்டிருந்தாய். அப்பாதான் என்றால் டிசம்பரில் லீவு எடுத்து வந்து உன்னையும் சயாமுக்குக் கூட்டிப்போய்ச் செய்ய வேண்டியதைச் செய்கிறேன், இல்லையென்றால் வீட்டுக்கூரை வேலை கிடக்கிறது, வருகிறதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தாய். நீ சாதாரணமாகத்தான் எழுதியிருப்பாய். உன் அம்மா அதை எப்படிப் படித்திருப்பாள் என்று யோசித்துப் பார். திலகம் கல்யாணத்துக்கு வந்தவன் நீ, அவள் மூத்த பெண் இப்போது புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள்.

படத்தைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்தேன். மரப்பாலத்தின்மேல் வரிசையாக ஆட்கள், எல்லாரும் கோவணத்தோடு, தோளில் தண்டவாளக் கட்டை. முன்னால் நிற்பவன் மட்டும் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறான், வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, ஏதோ சொல்ல வந்து நிறுத்தியவன் மாதிரி. விலா எலும்பைத் தொட்டு எண்ணிவிடலாம். அடியில் இங்கிலீஷில் இருந்ததைத் திலகம் படித்துச் சொன்னாள், ஆசியத் தொழிலாளர்கள் என்று மட்டும் போட்டிருக்கிறதாம். தாளைத் திருப்பினால் பின்பக்கம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் படம், அதில் ஒவ்வொருவனுக்கும் பேரும் பட்டாளமும் எழுதியிருக்கிறதாம். அவனும் பாவம்தான், பட்டினி கிடந்தவன்தான், அவன் பேரைப் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உலகமே பார்க்கிற படம் என்கிறாயே, பார்க்கிற அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட இவன் யார் என்று கேட்கத் தோன்றவில்லையா?

பக்கத்து வீட்டுச் சின்னம்மாவிடம் காட்டினேன், அங்கே ஆரம்பித்தது வினை. அவள் பார்த்ததும் படத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்கண்ணன் என்று கத்தினாள். அவள் அண்ணன் காளியண்ணனும் உன் அப்பா ஏறிய அதே லோரியில் ஏறினவர்தான். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவருவதற்குள் படத்தில் இருந்தவன் நெற்றியில் குங்குமம் வைத்து, செம்பருத்தியைக் கோத்து மாலையும் போட்டு, சூடம் கொளுத்திவிட்டாள். சேதி அரை நாளில் நாலு தோட்டத்துக்குப் போய்விட்டது. சயாமுக்கு ஆள் கொடுத்த வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், எல்லாருக்கும் அது அவரவர் ஆள்தான். தஞ்சோங் காராங் போகிற வழியில் இருக்கிற தோட்டத்திலிருந்து கங்கா என்று ஒருத்தி வந்தாள், கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவைக் கொடுத்தவள். பொட்டையும் மாலையையும் பார்த்ததும் சின்னம்மா மேல் பாய்ந்துவிட்டாள். “எங்கப்பா செத்துட்டாருன்னு ஒனக்கு யாரு சொன்னா? உசுரோட இருக்குற மனுசனுக்கு மாலையப் போட்டுட்டியேடி பாவி!” என்று அழுதாள். நம் சனத்தில் படத்துக்குப் பொட்டு வைத்துவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம், அதற்குப் பயந்துதானே நானும் இத்தனை காலம் ஒரு படையல்கூடப் போடாமல் இருந்தேன். கங்கா துடைக்கப் போய்க் குங்குமம் நெற்றி முழுக்கப் பரவிவிட்டது. அந்தக் கறை போகாது, உன் சிநேகிதரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அடிதடி ஆகும் என்று பயந்து திலகம் புருஷன் லோரியில் போய் ஐயாவு அண்ணனைக் கூட்டிவந்தார். நம் பக்கத்தில் சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் இன்று மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான், அங்கே நடந்ததைப் பற்றி வாயே திறக்கமாட்டார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, “எல்லாருமே இப்படித்தாம்மா இருந்தோம். நான்தான் இதுன்னு யாராச்சும் சொன்னாலும் நம்பிருவேன் லா” என்றார். சொல்லிவிட்டுப் படத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதன்பிறகு யாரும் சண்டை போடவில்லை. கங்காதான் முதலில் போய்ச் சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

உனக்கு நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பான்காரன் சண்டை முடிந்து ஆட்கள் திரும்பிய காலத்தில், உன் அப்பா சயாம்காரி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், பிள்ளைகூட இருக்கிறது என்று ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். பார்த்தானா, யாரோ சொன்னதைச் சொன்னானா தெரியாது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் தலையில் எண்ணெய் வைக்கும்போது மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்ப்பேன், நல்லாயிரு, அவளோடவே இரு, இங்கே ஒருத்தி உன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிறாள் என்று. நீ வாங்கின அடியில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. அந்தக் கோபம்தான் எனக்குத் துணை, ஆள் எங்கோ இருந்தால்தானே கோபப்பட முடியும். இப்போது இந்தப் படத்தைப் பார்த்தபின் திட்ட வாய் வரவில்லை. வரிசையில் பின்னால் முகம் தெரியாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள், அதில் ஒருத்தராக அவர் இருக்கலாம், அந்த உடம்போடு யார் எந்த சயாம்காரியைத் தேடிப் போயிருக்க முடியும்? மூன்று மாச வேலை என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் வாசித்து ஏற்றினார்கள். லோரியில் ஏறும்போது, “புள்ள பொறக்குறதுக்குள்ள வந்துருவேன், மரவள்ளிக்கு மண்ணு அணைச்சு வையி” என்றார். அவர் பேசியதில் எனக்கு மிச்சம் இருப்பது அந்த மரவள்ளிதான். அப்போது அவருக்கு இருபத்து நாலு வயசுகூட நிறையவில்லை. நீ இப்போது அவரைவிட எவ்வளவோ பெரியவன், எதிரில் வந்து நின்றால் தம்பி என்றுதான் கூப்பிடுவாய்.

போன வாரம் ஆடி அமாவாசைக்கு நம் தோட்டத்து முனியாண்டி கோயிலில் எல்லாரும் சேர்ந்து படையல் போட்டோம். படம் யார் வீட்டுக்கும் போகவேண்டாம், யாருடைய ஆளாக இருந்தாலும் வயிறு காய்ந்தவன், அவனுக்கு ஒரு இலை போடுவோம் என்று சின்னம்மாதான் சொன்னாள். அவரவர் வீட்டிலிருந்து ஒரு கறி கொண்டுவந்தோம், நான் மரவள்ளி அவித்துக் கொண்டுபோனேன். பூசாரி சன்னாசி ஒவ்வொரு வீட்டு ஆளின் பேரையும் கேட்டு, அந்தப் பேரைச் சொல்லித் தண்ணீர் விட்டார். சின்னம்மா காளியண்ணன் என்றாள். கங்கா முரண்டு பிடித்தபடியே நின்று கடைசியில் நாராயணசாமி என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். என் முறை வந்தது. கட்டினவர் பேரை நான் என்றைக்குச் சொன்னேன், இன்று சொல்வதற்கு? சின்னம்மா எனக்காகச் சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். “அவருக்குப் பேர் சொல்ல மவன் இருக்கான், வருவான்” என்று சன்னாசியிடம் சொன்னேன். அவரும் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். வருவான் என்று கோயிலில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

தேவதாஸ், ஆமாம் என்று எழுதினால் நீ டிசம்பரில் வருவாய். அந்த ஆசை எனக்கு எப்படி வந்தது தெரியுமா, படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன், கண்ணை இடுக்கிப் பார்த்தேன், எப்படியாவது அவனை உன் அப்பாவாக ஆக்கிவிட முடியாதா என்று பார்த்தேன். நெற்றி ஒத்துவருகிறது, தாடை ஒத்துவருகிறது. ஆனால் உன் அப்பாவுக்குக் காது உன்னைப் போலத்தான், இரண்டு பக்கமும் விடைத்துக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூடத்தில் உன்னை எத்தனை கேலி பண்ணினார்கள், நீ அழுதுகொண்டு வருவாயே. படத்தில் இருப்பவனுக்குக் காது தலையோடு ஒட்டியிருக்கிறது. பசி ஆளைச் சுருக்கும், காதையா சுருக்கும்? உண்மையைச் சொன்னால் காதைக்கூடப் பார்த்திருக்க வேண்டாம், தாளை விரித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அது உன் அப்பா இல்லையப்பா. பொய் சொல்லி உன்னை வரவழைத்தால், அங்கே போய் நீ இன்னொரு வீட்டுப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு உன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவாய். அவருக்கு இருந்தது ஒரு முகம், அதையும் நாமே மாற்றிவிடக் கூடாது.

படத்தைத் திருப்பி அனுப்பவில்லை. சன்னாசி அதற்குக் கண்ணாடி போட்டுக் கோயில் சுவரில் மாட்டிவிட்டார், போகிற வருகிற சனங்கள் நின்று பார்க்கிறார்கள். சிலர் பூ வைக்கிறார்கள். கங்கா மாதிரிச் சிலர் பூ வைக்காமல் சும்மா பார்த்துவிட்டுப் போகிறார்கள். உன் சிநேகிதரிடம் பக்குவமாகச் சொல்லிவிடு, அவர் அப்பா அங்கே பட்டினி கிடந்தவர் என்பதால் புரிந்துகொள்வார்.

பேரனுக்கு என் முத்தம். அவனுக்கு நம் பாஷையில் நாலு வார்த்தையாவது சொல்லிக்கொடு, தொலைபேசியில் அவன் பேசினால் எனக்கு மழை பெய்கிற மாதிரி சத்தம்தான் கேட்கிறது. அவன் காதும் உன்னைப் போல விடைத்திருக்கிறது என்று சந்திரிகா போன தடவை குறைப்பட்டுக்கொண்டாள், அதைக் குறையாகச் சொல்லவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். பனிக்காலம் வந்தால் கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டாமல் வெளியே போகாதே. முனியாண்டி உங்கள் மூன்று பேருக்கும் துணையிருக்கட்டும், நோய் நொடி அண்டாமல் நூறு வயசு இருங்கள். கூரை வேலையை முடிக்காமல் விடாதே, மழை ஒழுகும் வீட்டில் பிள்ளையைப் படுக்கவைக்கக் கூடாது. ஆனால் ஒன்றை மறந்துவிடாதே. படத்தில் இருப்பவர் உன் அப்பா இல்லை, இருந்தாலும் நீ வா. அவர் பேரை நான் சொல்ல முடியாது, நீதான் வந்து சன்னாசியிடம் சொல்ல வேண்டும். நீ வந்து சொல்கிற நாள்வரை என் நெற்றியில் பொட்டு இருக்கும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா இராஜம்மா