உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போன பிழை

உள்ளங்கையில் பேனா மை இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் ஒரு வரி நீலமாகத் தெரிகிறது. இது உன் பழக்கம். கணினித் திரையில் வரும் பிழைச் செய்தியைக் கையில் எழுதிக்கொண்டு தாம்பரம் புத்தகக் கடைக்குப் போவாய். "பேப்பர்ல எழுதினா பஸ்ல தொலைச்சிடுவேன் மச்சான், கை எங்க போவப் போவுது" என்பாய். நான் கேலி செய்திருக்கிறேன். நேற்று சேலையூரிலிருந்து நானும் அப்படித்தான் போனேன்.

காரணம் நீதான். முடிச்சூரில் தண்ணீர் ஏறினால் யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது என்று தேடிப் பார்க்க நாம் இருவரும் ஓர் இணையதளம் செய்தோம். ஓய்வு பெற்ற பிறகு, யாரிடமும் போகாமல், புத்தகத்தைப் பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்ட இரண்டு பேர். ஒவ்வொரு வரியையும் நாமே எழுதலாம் என்றேன். நீ கேட்கவில்லை. பாதி வேலை ஆயத்தமாகக் கிடைக்கும் என்று யாரோ எழுதிவைத்த ஃபிரேம்வொர்க் ஒன்றை இறக்கி அதன்மேல் கட்டினாய். "எல்லாத்தையும் நாமளே எழுதினா மழை வந்து வடிஞ்சே போயிடும்" என்றாய். உன் இஷ்டம் என்று விட்டேன். அதை நான் கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆடி மாதம் நீ போய்விட்டாய், அது எப்படி ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல். ஐப்பசி பிறக்கும் நேரத்தில் தேடல் பக்கம் நின்றுவிட்டது. எந்தத் தெருவைக் கேட்டாலும் வெள்ளைத் திரையும் அந்த ஒரு பிழை வரியும்தான்.

"விடுங்க சார், வாட்ஸ்அப் குரூப் இருக்கே" என்கிறார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். போன மழையில் அந்தக் குரூப்பில் காலை வணக்கங்களுக்கு நடுவே மாடி விவரங்கள் காணாமல் போனதை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. மூடிக்கொண்டு நிற்கும் வானத்தைப் பார்த்தபடி வீட்டில் உட்கார முடியவில்லை.

கடையில் அந்த ஃபிரேம்வொர்க் பற்றிய தடித்த புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து, வழக்கம்போல் நின்றபடியே முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன். உனக்கு இது பிடிக்காது. நீ புத்தகத்தைத் திருப்பி, கடைசியில் இருக்கும் சொல்லடைவில் உன் கையில் எழுதிய சொல்லைத் தேடுவாய். இல்லையென்றால் வைத்துவிடுவாய். "முன்னுரைல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. நம்ம கோளாறு பின்னாடி கீதான்னு பாரு." இதே அலமாரிக்கு முன்னால் எத்தனை சண்டை. கோளாறை மட்டும் தேடிப் படிக்கிறவனுக்குப் பாடம் எப்போது புரியும் என்று கேட்பேன். "கோளாறு சரியானப்புறம்" என்பாய்.

"இன்னா சார், இங்கயே படிச்சு முடிச்சிடுவீங்க போல" என்றார் கடைக்காரர்.

புத்தகத்தைத் திருப்பினேன். அவசரம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அந்தச் சொல் அதில் இல்லை. கீழ்த்தட்டில் அதே புத்தகத்தின் அட்டை கிழிந்த பழைய பதிப்பு ஒன்று கிடந்தது. அதில் இருந்தது.

"புதுசு இருக்கறப்ப அது எதுக்கு சார்? இப்ப யாரும் அத வாங்கறதில்ல."

"நான் வாங்கறேன்" என்றேன்.

நம் தளமே அந்தப் பழைய புத்தகம் சொல்லும் ஃபிரேம்வொர்க் பதிப்பில் ஓடுவதுதான் என்று வீட்டுக்கு வந்து பார்த்தபோது தெரிந்தது. சொல்லடைவு காட்டிய பக்கத்தில் இருந்தபடி ஒரு வரியை மாற்றினேன். முடிச்சூர் என்று தட்டினேன். முதலில் வந்தது உன் வீடு. மாடி, ஒரு குடும்பம் தங்கலாம், உன் பெயர், உன் எண். நாற்காலியை விட்டு எழுந்து வராந்தாவில் நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். தண்ணீரில் நின்றுகொண்டு யாராவது அந்த எண்ணைக் கூப்பிட்டால்?

உன் மனைவிக்குப் போன் செய்தேன். பதிவை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஏண்ணா எடுக்கணும்? மாடி அப்படியேதானே இருக்கு" என்றார். "அவர் பேரு இருக்கட்டும். நம்பரை மட்டும் என்னோடதா மாத்திடுங்க."

மாற்றிவிட்டேன்.

வெளியே தூறல் ஆரம்பித்திருக்கிறது. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்துதான் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த விஷயத்தில் உன்னோடு இப்போதும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் பேனா சட்டைப்பையில் இருக்கிறது. அடுத்த பிழைக்கு இடது கையில் அந்த நீல வரியின் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.