நேரே வானம், குறுக்கே வீடு

1868, மார்ச் 3

இன்றும் ஜன்னலைத் திறக்க விடவில்லை. காற்றடித்தால் தாள்கள் பறந்துவிடுமாம். கொழுந்தனாரே கொக்கியை மாட்டிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் எழுதும் அறை இது. மேலே திறக்கும் கூரை, அதன் அடியில் அவருடைய தொலைநோக்கி, பக்கத்திலேயே நாங்கள் படுக்கும் அறை. பனிக்காலத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் நாற்காலியில் இப்போது நான்.

அக்கா மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறாள். "கடல்காத்து பட்டா உன் இருமல் நின்னுடும், கிளம்பி வாடி." கொழுந்தனாரிடம் சொன்னேன்.

"போங்க அண்ணி, யாரு வேண்டாம்னா? இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

இது என்றால் ஒரு பெட்டி நிறையக் கடிதம். தொலைநோக்கிக்கு லென்சு தேய்க்கும் நண்பருக்கு என் வீட்டுக்காரர் ஆயுள் முழுக்க எழுதியவை. சாவுச் செய்தி கேட்டு நண்பர் திருப்பி அனுப்பிவிட்டார். கொழுந்தனார் புத்தகம் போடப் போகிறார்.

மார்ச் 5

வேறு யாராலும் படிக்க முடியவில்லை, அதனால்தான் நான். தபால்காரன் எடை பார்த்துக் கூலி கேட்கிறான் என்று என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, அதன் மேலேயே குறுக்கே எழுதுவார். கோழி கிளறின மாதிரி இருக்கும். நேரே போவது வானம், குறுக்கே போவது வீடு. எனக்குப் படிப்பு கம்மி, அச்செழுத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவர் கையெழுத்து மட்டும் தண்ணீர் பட்ட பாடு. வானத்தில் அளந்த எண்களை நான் படித்துக் காட்டுவேன், அவர் சரிபார்ப்பார். குறுக்கே எழுதுவதை மட்டும் காட்டமாட்டார். "அது ரெண்டு கிழவனுங்க பேச்சு, உனக்கெதுக்கு?"

இப்போது நான் படிக்கிறேன், குமாஸ்தா எழுதுகிறார். மூக்குப்பொடி போடும் மனிதர். தும்மலுக்கு ஒரு சொட்டு மை. கொழுந்தனார் கண்டித்துச் சொல்லிவிட்டார்: "நேர் வரி மட்டும் போதும். வீட்டு வம்பெல்லாம் புத்தகத்துல வேண்டாம்."

மார்ச் 9

குமாஸ்தா தும்மினார். நான் இருமினேன். "பேண்டு வாத்தியமே வேண்டாம்மா, நாம ரெண்டு பேர் போதும்" என்றார். சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 14

நேர் வரி: "மேகம். பார்க்க முடியவில்லை." படித்தேன். குமாஸ்தா எழுதினார்.

என் கண் குறுக்கு வரிக்குப் போய்விட்டது. "மேகம் இல்லை. துடைத்துவிட்ட வானம். கூரையைத் திறந்தால் குளிர் படுக்கை அறைக்குள் இறங்குகிறது. இவள் ஓயாமல் இருமுகிறாள். திறக்கவில்லை. மேகம் என்று எழுதிவிட்டேன். நீ என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதே."

"அப்புறம்மா?" என்கிறார் குமாஸ்தா. அடுத்த நேர் வரிக்குத் தாவினேன்.

என்ன மனுஷன் இது! அந்தக் குளிரில் வரவேண்டிய வால்நட்சத்திரத்துக்காக எத்தனை வருஷம் காத்துக் கிடந்தார். வந்து, போயே போயிடுச்சு. எனக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மேகம்னு நானும் நம்பி, ஐயோ பாவம்னு பால் காய்ச்சிக் கொடுத்தேனே —

மார்ச் 15

கடிதங்களில் இன்னும் சில மேகங்கள் வந்தன. எல்லாம் நான்தான்.

மார்ச் 17

இரண்டாவது பெட்டியும் வந்திருக்கிறது. "குமாஸ்தாவுக்கும் அண்ணன் கையெழுத்தைப் படிக்கச் சொல்லிக்குடுங்க அண்ணி. நீங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பலாம்."

சொல்லிக்கொடுத்தால் போகலாம். ஆனால் படிக்கத் தெரிந்தவர் கண் குறுக்கேயும் போகுமே. மேகத்தில் பொய் எழுதியவர் என்று ஆகிவிட்டால், அவர் பார்த்த மற்றதையெல்லாம் யார் நம்புவார்கள்? தாளுக்குத் தாள் இலக்கம் போட்டிருக்கிறார் கொழுந்தனார், ஒன்றை ஒளிக்கவும் வழியில்லை.

"எனக்குச் சொல்லிக்குடுக்க வராது" என்றேன்.

"அப்ப நீங்களே உக்காந்து முடிங்க." ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 22

இருமல்.

மார்ச் 29

மூன்றாவது பெட்டியும் வருமாம். இந்த நாற்காலியோடு என்னையும் தூக்கிக்கொண்டு போவார்களோ?

எந்த இருமலுக்காக அவர் கூரையைத் திறக்காமல் இருந்தாரோ, அதை இந்தப் புழுக்கத்தில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தால் திட்டுவார். நன்றாகவே திட்டுவார்.

ஏப்ரல் 2

தொப்பிப் பெட்டியின் அட்டையைக் கத்தரித்து, நடுவே ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாக ஒரு திறப்பு வெட்டினேன். தாள் மேல் வைத்தால் நேர் வரி தெரிகிறது, குறுக்கே போவதெல்லாம் வெறும் கீறல். குமாஸ்தா தட்டுத் தடுமாறிப் படித்தார். ஒரு பக்கம் முடிந்தபோது சரளமாகிவிட்டது.

"அட்டையை எடுத்துடாதீங்க. எடுத்தா வரி குழம்பிடும்."

"எடுக்கலம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்தார். பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினார்.

ஏப்ரல் 6

மூட்டை கட்டிவிட்டேன்.

மே 11

அக்கா வீட்டில் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது.

குமாஸ்தாவிடமிருந்து ஒரு தாள் வந்தது. இரண்டாவது பெட்டியில் ஓர் எண், அது ஏழா ஒன்றா என்று கேட்டிருக்கிறார். பொடி வாசனை. ஏழு என்று பதில் போட வேண்டும்.

தாளை மடிக்கப் போனபோதுதான் கவனித்தேன். திருப்பிப் பிடித்தேன். குறுக்கேயும் எழுதியிருக்கிறார். குமாஸ்தாவின் கையெழுத்து எனக்குப் பழக்கமில்லை, எழுத்துக்கூட்டித்தான் படித்தேன்.

"மேகத்தையெல்லாம் மேகம்னே எழுதிட்டேம்மா. இருமல் தேவலையா?"